மழையும் மோட்டாரும்

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரே ஒரு வாரப் பத்திரிகை வாங்கினால், அது வந்து சேரும் தினத்தில் யார் முதலில் படிப்பது என்று சண்டை வருவது இயற்கை. எல்லோரும் படித்து முடித்த பிறகும் சண்டை வந்தால், அந்த வாரம் ஏதோ ஒரு நல்ல கதை வெளியாகியிருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். படித்தவர்கள் அனைவரும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும் கதையினால் யாருக்கும் தீங்கு இல்லை; நன்மையும் இல்லை. தகப்பனார் ஒரு கட்சி, தாயார் ஒரு கட்சி, காலேஜில் படிக்கும் பெண் மூன்றாவது கட்சி என்று பிரிந்து நின்று, சாப்பாட்டு வேளையிலும் வாதம் ஓயாமல் இருந்தால், அந்தக் கதை எங்கேயோ ஓரிடத்தில் தைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அவ்விதம் தமிழ் நாட்டு வீடுகளைக் கட்சி கட்சியாகப் பிரித்த கதை ஒன்று 1966ஆம் வருஷம் ஆனந்த விகடனில் வெளியாயிற்று. எழுதியவர் ஸ்ரீ ஜெயகாந்தன். கதையின் பெயர் 'அக்கினிப் பிரவேசம்'. அந்தக் கதை கிளப்பிய புயல் அடங்குவதற்கு முன்பே அவர் அதே சம்பவத்தை வைத்து ஒரு பெரிய நாவலையும் எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் அந்த நாவல் தினமணி கதிரில் தொடராக வந்து, 1970இல் புத்தகமாயிற்று. 1972இல் சாகித்ய அகாதமியின் பரிசையும் பெற்றது. ஆசிரியர் 2015இல் காலமாகிவிட்டார். ஆனால், அவர் மூட்டிவிட்ட வாதம் மட்டும் இன்னும் காலமாகவில்லை. சமீபத்தில் கூட அந்த வாதத்தைச் சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரில், நாம் நேரில் கேட்டோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

கதையை அறியாத இளம் வாசகர்களுக்காக முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பெண்கள் காலேஜ் வாசலில் மாலை நேரம். மழை கொட்டுகிறது. பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மட்டும் நனைந்து கொண்டு நிற்கிறாள். பெரிய மோட்டார் ஒன்று வந்து அவள் அருகில் நிற்கிறது. அதை ஓட்டி வந்த பணக்கார வாலிபன் ஏறிக்கொள்ளச் சொல்கிறான். அவள் தயங்குகிறாள், பிறகு ஏறுகிறாள். வண்டி அவள் வீட்டை நோக்கிப் போகவில்லை. ஜனசஞ்சாரம் இல்லாத இடத்துக்குப் போகிறது. அங்கே நடக்கத் தகாதது நடக்கிறது. கடைசியில் அந்த வாலிபன் அவளைக் கொண்டு வந்து தெருக் கோடியில் இறக்கிவிட்டுச் செல்கிறான்.

பெண் வீட்டுக்கு வந்து, விதவைத் தாயிடம் அழுதுகொண்டே உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். தாய் முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். அதன் பிறகு, அக்கம் பக்கத்தார் காதில் விழாமல் தன் வாயைத் தானே மூடிக்கொண்டு, மகளை உட்கார வைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுகிறாள். அந்தத் தண்ணீரே நெருப்பு என்றும், மகள் இனிப் பரிசுத்தமானவள் என்றும் சொல்லித் தேற்றுகிறாள். காரில் அவன் கொடுத்த சூயிங்கத்தை அதுவரை வாயில் வைத்திருந்த அந்தப் பேதைப் பெண் அதைத் துப்புகிறாள். கதை இவ்வளவுதான்.

இதற்குத்தான் தமிழ் நாடு இரண்டு பட்டது. சீதா தேவியின் அக்கினிப் பிரவேசம் எங்கே, ஒரு குடம் குழாய்த் தண்ணீர் எங்கே என்று கொதித்தவர்கள் ஒரு புறம். நெறி தவறியதற்கு இவ்வளவு மலிவான பிராயச்சித்தமா என்று கேட்டவர்கள் மற்றொரு புறம். ஆசாரமான குடும்பத்தில் எந்தத் தாயும் இப்படிச் செய்யவே மாட்டாள் என்று ஆட்சேபித்தவர்கள் பலர். இந்த மாதிரி ஒரு தாய் இருந்திருந்தால் எத்தனையோ கிணறுகளிலிருந்து எத்தனையோ பிரேதங்களை எடுத்திருக்க வேண்டியிராது என்று கண்ணீர் விட்டவர்களும் பலர். கடிதங்கள் குவிந்தன. மேடைகளில் விவாதம் நடந்தது. இந்தக் கதைக்கு மறுப்பாக வேறு முடிவு வைத்துக் கதை எழுதியவர்களும் உண்டு.

ஸ்ரீ ஜெயகாந்தன் இதற்குச் செய்த பதில்தான் விசேஷமானது. "அந்தத் தாய் அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்கிறீர்களா? நல்லது; செய்யாமலே போகட்டும். பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கலாம்" என்று சொல்வது போல அவர் நாவலை ஆரம்பித்தார். நாவலிலும் அதே மழை, அதே மோட்டார், அதே வாலிபன், அதே பெண். ஆனால் இந்தத் தடவை தாயார் வாயை மூடிக்கொள்ளவில்லை. ஊர் கேட்க அலறிவிடுகிறாள். அண்ணன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். கங்கா என்னும் அந்தப் பெண்ணை வெங்கு மாமா என்பவர் அழைத்துப் போய்ப் படிக்க வைக்கிறார். படிக்க வைத்த அவருடைய பார்வையும் யோக்கியமாக இல்லை. கங்கா பெரிய உத்தியோகத்துக்கு வருகிறாள். கை நிறையச் சம்பளம் வாங்குகிறாள். ஆயினும் உலகம் அவளை அந்த ஒரு மாலை நேரத்தை வைத்தே அளக்கிறது. பிரபு என்னும் அந்தப் பழைய மோட்டார்க்காரனையே தேடிக் கண்டு பிடித்து, அவனோடு சிநேகம் கொள்ளும் நிலைமைக்கு அவள் வந்து சேருகிறாள். அந்தச் சிநேகமும் நிலைக்கவில்லை. முடிவில் பார்த்தால், படிப்பும் பதவியும் உள்ள ஒரு பெண் தனிமையில் நாசமாகி நிற்கிறாள்.

ரஸாயன சாலையில் ஒரு காரியம் செய்வார்கள். இரண்டு குப்பிகளில் ஒரே திராவகத்தை ஊற்றுவார்கள். ஒன்றில் மட்டும் ஒரு பொருளைச் சேர்த்து, மற்றொன்றைச் சும்மா விடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு பொருளால் ஏற்பட்டது என்று முடிவு கட்டுவார்கள். கதையையும் நாவலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆசிரியர் செய்திருப்பதும் இதுதான். மழையை மாற்றவில்லை; மோட்டாரை மாற்றவில்லை; மனிதனை மாற்றவில்லை; தாயை மட்டும் மாற்றினார். ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுதும் மாறிப் போயிற்று. 1977இல் இந்த நாவல் ஸ்ரீ பீம்சிங்கின் டைரக்ஷனில் சினிமாப் படமாக வந்து, கங்காவாக நடித்த ஸ்ரீமதி லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தபோதும், பேச்செல்லாம் பெண்ணின் கற்பைப் பற்றியதாகவே இருந்தது. இரண்டு குப்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு எழவில்லை.

இனி அந்த மோட்டாரைப் பற்றிச் சிறிது யோசிப்போம். மோட்டார் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை அல்லவா?

1966ஆம் வருஷத்தில் மோட்டார் என்பது சாமான்யர்களுக்கு எட்டாத பண்டம். நம் தேசத்தில் கார் செய்யும் கம்பெனிகள் அப்போது முக்கியமாக மூன்றுதான்: கல்கத்தாப் பக்கத்தில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. பணம் கட்டியவர்களும் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். நடுத்தர வகுப்புப் பெண் ஒருத்திக்கு மோட்டாரின் உட்புறம் என்பது சினிமாவில் மட்டும் கண்ட சொப்பன லோகம். வெளியே மழையும் சேறும். உள்ளே மெத்தென்ற ஆசனமும் இனிய வெதுவெதுப்பும். கதவைச் சாத்திவிட்டால், ஊர் நடுவிலேயே ஒருவருக்கும் தெரியாத ஓர் அறை. அந்த அறைக்குச் சக்கரமும் உண்டு. இப்படிப்பட்ட சாதனம் மனித சரித்திரத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. அது ஆசையைக் கிளப்பும் என்பதும், ஆசை உள்ளவனுக்கு வசதி செய்து கொடுக்கும் என்பதும் உண்மைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோட்டார்களுக்கு வேண்டிய அங்கங்களைச் செய்து கொடுத்த ஊர்கள் நம் சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்கள்தான். நாடு சுதந்திரம் அடைந்த இரண்டாம் வருஷமாகிய 1949லேயே அம்பத்தூரில் டி. ஐ. சைக்கிள் கம்பெனி தோன்றிற்று. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்ம பாணியில் சமுதாயத்தை அமைப்பது என்று தீர்மானித்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் அந்தப் பிரதேசமே உருமாறிற்று. அம்பத்தூரில் டன்லப் டயர்; பாடியில் வீல்ஸ் இந்தியாவின் சக்கரம், லூகாஸ் டி.வி.எஸ்.ஸின் மின்சாரக் கருவி, சுந்தரம் கிளேட்டனின் பிரேக். ஆவடியில் ராணுவ டாங்கிகள். தொழிற்பேட்டையில் எண்ணற்ற சிறு பட்டறைகள். வயலும் ஏரியுமாக இருந்த கிராமங்களில் காலைச் சங்கு ஊத ஆரம்பித்தது. ஆனால், சக்கரமும் பிரேக்கும் செய்த அந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் மோட்டார் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் சைக்கிளில் போனார்கள், பஸ்ஸில் தொங்கினார்கள், 1856லேயே போடப்பட்ட அரக்கோணம் மார்க்க ரயிலில் நெருக்கியடித்துக் கொண்டு பட்டணம் போய்த் திரும்பினார்கள். அவர்களுடைய பெண்களும் மழையில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றார்கள். ஆகையால்தான் இந்தக் கதை அந்தப் பக்கத்து வீடுகளில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

சீமையிலும் மோட்டாரையும் மோகத்தையும் பற்றி ஒரு நாவல் பெரிய ரகளையை உண்டாக்கியது. ஜே. ஜி. பல்லார்டு என்பவர் லண்டனுக்கு மேற்கே ஷெப்பர்டன் என்னும் புறநகரில் வசித்தவர். அவர் 1973இல் 'கிராஷ்' என்று ஒரு நாவல் வெளியிட்டார். மோட்டார் விபத்துக்களிலேயே காம வெறி கொள்ளும் மனிதர்களைப் பற்றியது அது. கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்த பிரசுராலயத்து அதிகாரி, இதை எழுதியவருக்கு மனோவைத்தியத்தினாலும் பயனில்லை, இதைப் பிரசுரிக்க வேண்டாம் என்று குறிப்பு எழுதினாராம். 1996இல் அது சினிமாவாக வந்தபோது, கான் திரைப்பட விழாவில் ஒரு விசேஷப் பரிசு கிடைத்தது. லண்டன் பத்திரிகைகள் சில தடை செய்யும்படி கூக்குரலிட்டன. வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை தன் எல்லைக்குள் அதைக் காட்டக்கூடாது என்றே உத்தரவு போட்டது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்ய மாட்டோம். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே நடந்த சண்டை, யந்திரம் மனிதனுடைய ஆசையை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. இங்கே நடந்த சண்டையோ, பெண் சுத்தமா அசுத்தமா என்பதைப் பற்றியது. அவர்கள் ஓட்டினவனை விசாரித்தார்கள். நாம் ஏறினவளை விசாரித்தோம்.

இனி அம்பத்தூர் விஷயத்துக்கு வருவோம். சில வாரங்களுக்கு முன்பு நண்பர் ஒருவருடைய வீட்டு மொட்டை மாடியில் சிலர் கூடியிருந்தார்கள். வீட்டுக்காரர் பாடியில் மோட்டார்ச் சாமான் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பட்டணத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து, முப்பது வருஷம் ரயிலில் போய் வந்தவர். பூந்தமல்லியிலிருந்து தமிழாசிரியர் ஒருவர் வந்திருந்தார். பேத்தி காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். அவளுக்குக் கதையும் நாவலும் பாடமாக வந்திருந்தபடியால் பேச்சு அதில் திரும்பிற்று.

"எவ்வளவு சமாதானம் சொன்னாலும், அந்தப் பெண் காரில் ஏறியது தவறுதான்" என்றார் தமிழாசிரியர். "ஆசை காட்டினால் மயங்கிவிடுவதா? யந்திர நாகரிகம் வந்த பிறகு மனத்துக்குக் கட்டுப்பாடே போய்விட்டது."

வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஐயா, யந்திரத்தின் பேரில் பழியைப் போடாதீர்கள். வண்டியை நிறுத்துவது ஓட்டுகிறவனுடைய வேலை. நாங்கள் செய்து கொடுத்த பிரேக் எல்லாம் நன்றாகவே பிடித்தன!" என்றார்.

அம்மாள் சிரித்துக்கொண்டே, "நேரத்துக்குப் பஸ் வந்திருந்தால் கதையும் இல்லை, நாவலும் இல்லை. இந்த அறுபது வருஷத்தில் அதை யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார். முப்பது வருஷம் ரயிலுக்குக் காத்திருந்தவருடைய விமரிசனம் அது. அதைக் காட்டிலும் நல்ல விமரிசனத்தை நாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அரசாங்கத்தார் 2021இல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று ஏற்பாடு செய்தபோது, அந்த அம்மாளைப் போன்றவர்களுக்குத்தான் அதன் முழு அர்த்தமும் விளங்கியிருக்கும்.

இவ்வளவு நேரமும் பேசாதிருந்த பேத்தி அப்போது சொன்னாள்: "தாத்தா, அவள் காரில் ஏறியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாளே, அதுதான் ஆச்சரியம். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்."

"ஏனம்மா?" என்றார் பாட்டி.

"சொன்னால் முதலில் கைப்பேசியைப் பிடுங்கிக் கொள்வீர்கள். இரண்டாவது, காலேஜை நிறுத்துவீர்கள். மூன்றாவது, மாப்பிள்ளை பார்ப்பீர்கள். அவனை ஒன்றும் செய்ய மாட்டீர்கள்."

மாடியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. தமிழாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பிறகு யாரோ காபியைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் எல்லோருடைய மனத்திலும் அந்த வார்த்தைகளே சுழன்று கொண்டிருந்தன.

அறுபது வருஷத்து விவாதத்தில் விட்டுப் போன விஷயத்தை அந்தப் பெண் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள் என்று நாம் கருதுகிறோம். மோட்டார் நல்லதா கெட்டதா, பெண் சுத்தமா அசுத்தமா என்னும் கேள்விகள் எல்லாம் இரண்டாம் பட்சம். ஆபத்துக்குள்ளான பெண் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து சொல்லக் கூடிய வீடாக நம் வீடு இருக்கிறதா என்பதே கேள்வி. சிறுகதையின் தாய் முதலில் அடித்தாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை. நாவலின் தாய் சாத்திய கதவு மகளுடைய ஆயுள் முழுதும் திறக்கவில்லை. அந்த மாலையில் மோட்டார்க்காரன் அபகரித்தது கொஞ்சம். அதற்குப் பிறகு வீடும் ஊரும் சேர்ந்து அபகரித்ததே அதிகம்.

அப்படியானால் சிறுகதையின் தாய் செய்ததெல்லாம் சரிதானா? இங்கே இக்காலத்துப் பெண்கள் ஒரு வலுவான ஆட்சேபம் சொல்கிறார்கள். அதற்கு நாம் செவி கொடுக்கத்தான் வேண்டும். குற்றம் செய்தவன் ஒருவன். குளித்துச் சுத்தமானவள் மற்றொருத்தியா? அழுக்கு யாருடையது? பணக்காரன் வீட்டில் யார் அவன் தலையில் தண்ணீர் கொட்டினார்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சிறுகதையில் விடை இல்லை. 'நீ பரிசுத்தமானவள்' என்று சொல்வதற்கு முன்னால், 'நீ அசுத்தமானாய்' என்று ஒரு கணமாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அதுதான் குறை என்கிறார்கள் அவர்கள். நியாயமான வாதம். ஆயினும் தண்ணீர் எடுத்து ஊற்றிய அந்த விதவை, தன் காலத்துச் சாஸ்திரங்கள் தனக்குக் கற்பித்த பாஷையில்தான் பேச முடியும். அவளுடைய பாஷை பழையது. அவளுடைய கை மட்டும் புதிய காரியத்தைச் செய்தது. கையைப் பின்பற்றிக்கொண்டு பாஷையை நாம் மாற்றிக்கொள்ளலாம்.

அவள் மகளிடம் ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்று சொன்ன புத்தியிலும் பாதி சரி, பாதி பிசகு. பெண்ணின் பெயர் ஊர் வாயில் அகப்படக் கூடாது என்பது சரி. அதைச் சட்டமே பிற்பாடு ஒப்புக்கொண்டது. இத்தகைய கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2024 ஜூலை முதல் தேதியன்று அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே பெயரை மறைப்பது பெண்ணின் உரிமை. குற்றத்தையே மறைத்துவிடுவது குற்றவாளிக்குச் செய்யும் உபகாரம். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டுதான் நம் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறைகளாக மௌனம் சாதித்து வந்திருக்கின்றன.

யந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தி மகாத்மா யந்திரங்களுக்கு விரோதி என்று பலர் நினைக்கிறார்கள். 1909இல் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோது ரயிலைக் கூடக் கண்டித்தவர்தான் அவர். ஆனால் 1924இல் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, யந்திரத்தின் மீது அல்ல, யந்திரப் பித்தின் மீதே தமக்கு ஆட்சேபம் என்று விளக்கினார். சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கும் அளித்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்டு, அவள் மீது வைத்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது மகாத்மா சொன்ன காரணம். யந்திரத்துக்குப் பின்னால் அன்பு இருக்கிறதா, பேராசை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மழையில் வந்த மோட்டாருக்கு இந்த உரைகல்லைக் காட்டிலும் சிறந்தது வேறில்லை. நனைந்து நின்ற பெண்ணை வீட்டில் கொண்டு சேர்த்திருந்தால், அதே மோட்டார் புஷ்பக விமானமாகியிருக்கும்.

யார் கையில் சக்கரம் இருக்கிறது என்பதும் ஒரு விஷயம். அந்தப் பெண்ணுக்கு எங்கே போவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் காரில் ஏறிய கணத்திலேயே போய்விட்டது. 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்துடன் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். ஊரார் கேலி செய்தார்கள். அவர்கள் மணியை அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வாசலில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், ஸ்கூட்டரில் வேலைக்கு வரும் பெண்களைக் காணலாம். மோட்டார் வந்து நிற்கும் வரையில் மழையில் காத்திருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. யந்திரம் பெண்ணைக் கெடுத்துவிட்டது என்று வாதிப்பவர்கள் இந்தக் காட்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மழையும் மோட்டாரும் புது வேஷத்தில் வந்து கொண்டே இருக்கின்றன. இப்போது கதவைச் சாத்திக்கொள்ளும் அறை, உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. அறிமுகமில்லாதவன் இனிமையாகப் பேசுகிறான், படம் கேட்கிறான், கிடைத்த பிறகு மிரட்டுகிறான். பெண் நடுங்குகிறாள். அவளுக்கு இரண்டு பயங்கள்: அவனிடம் ஒரு பயம், நம்மிடம் ஒரு பயம். இரண்டாவது பயம் இல்லாவிட்டால் முதலாவது ஒரு நாளில் தீர்ந்துவிடும். வழிகள் இல்லாமல் இல்லை. இணையக் குற்றங்களுக்கு 1930 என்றும், பெண்கள் உதவிக்கு 181 என்றும், குழந்தைகளுக்கு 1098 என்றும் அரசாங்கம் டெலிபோன் எண்கள் வைத்திருக்கிறது. வந்த மிரட்டல்களை அழித்துவிடாமல் சாட்சியமாக வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டதைக் கொடுத்து அவன் வாயை அடைக்கப் பார்க்கக் கூடாது. ஆனால் பெண் முதலில் நம்மிடம் வந்து சொன்னால்தானே இதெல்லாம்? மகள் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது கைப்பேசியைப் பிடுங்குகிற தகப்பனார், மிரட்டுகிறவனுக்குத் தம்மை அறியாமலே துணை செய்கிறார். அடுத்த தடவை அவள் வர மாட்டாள்.

பிள்ளைகள் உள்ள வீட்டார் தங்களுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்று இருந்துவிட வேண்டாம். பிரபுவும் ஒரு வீட்டிலிருந்துதான் மோட்டாரை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். சாவியைக் கொடுத்தவர்கள் அவன் எங்கே போகிறான் என்று கேட்கவில்லை. பெண்ணிடம் நூறு கேள்வி கேட்கும் பெற்றோர் பிள்ளையிடம் அதில் பத்தாவது கேட்டிருந்தால், கங்காவின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும்.

நேயர்களுக்கு நம்முடைய வேண்டுகோள் ஒன்றுதான். கதையையும் நாவலையும் ஒன்றன் பின் ஒன்றாகப் படியுங்கள். பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்தே படியுங்கள். சண்டை வரும், வரட்டும். ஆசிரியரைத் திட்டினாலும் பாதகமில்லை. அவர் திட்டுக்கு அஞ்சினவரல்ல. ஆனால் அந்தப் பெண் சுத்தமா அசுத்தமா என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் எங்களிடம் சொல்வாயா?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.